சீட்டோ ஏன் கரையுது? உப்புத்தண்ணி டேங்க்ல பாசி வளக்கறது பத்தி

ப்ரோ, உங்க கேள்விய ரெண்டு வாட்டி படிச்சுட்டு தான் எழுதறேன். 150 லிட்டர் மரைன் டேங்க், ரெண்டு க்ளவுன் மீன், கீழ இருக்கற சம்ப்ல (ஃபில்டர் தொட்டி) சீட்டோ (கீட்டோமார்ஃபாங்கற பச்சை நூல் பாசி) ஒரு உருண்டை, அதுக்கு மேல 5 வாட் டேபிள் லேம்ப், ஸ்கிம்மர் (நுரை கட்டி அழுக்க வழிச்சு எடுக்கற மெஷின்) 24 மணி நேரமும் ஓடுது, டெஸ்ட் பண்ணா நைட்ரேட் 0, பாஸ்பேட் 0.25. மேல பாறை பூரா ஹேர் ஆல்கி தாடி மாதிரி தொங்குது ஆனா காசு குடுத்து வாங்கிப் போட்ட சீட்டோ மட்டும் மூணு வாரத்துல வெளுத்துப் போய் கையில எடுத்தா நொறுங்குது, ஏன்னு கேட்டிருக்கீங்க. கூடவே ராமேஸ்வரம் போறப்ப கடல்ல இருந்து கொஞ்சம் பாசி எடுத்துட்டு வரலாமா, காலர்பாங்கற பாசி சேஃபா, பாசி திங்க ஒரு டேங் (சர்ஜன் மீன்) விடலாமான்னும் கேட்டிருக்கீங்க. ஒவ்வொண்ணா வர்றேன், நீளமா தான் போகும்.

முதல்ல சாவுக்கு காரணம். உங்க சீட்டோ பட்டினில செத்துச்சு, அவ்ளோ தான். பட்டினின்னா ரெண்டு வகை, ஒண்ணு வெளிச்சப் பட்டினி, இன்னொண்ணு நைட்ரஜன் பட்டினி, உங்க டேங்க்ல ரெண்டும் சேந்தே இருக்கு. நம்மள்ல நிறைய பேர் சீட்டோவ ஒரு ஃபில்டர் மாதிரி வாங்கறோம், சம்ப்ல போட்டா அழுக்க உறிஞ்சிக்கும்னு. அது ஃபில்டர் இல்ல, பயிர். பயிருக்கு வெயிலும் உரமும் வேணும், வளந்ததும் அறுக்கணும். அறுத்து வெளிய எடுத்தா தான் அது தின்ன நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் டேங்க விட்டுப் போகும். அறுக்காம அப்படியே விட்டா அடில இருக்கறது வெளிச்சம் இல்லாம அழுகி, தின்னது எல்லாத்தையும் தண்ணிலயே திருப்பி விட்டுடும்.

இப்ப அந்த நைட்ரேட் 0 விஷயம். கடல்ல மிதக்கற நுண்ணுயிர் பாசிக்கு கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் அணுக்கணக்குல 106:16:1ன்னு ஒரு விகிதம் சொல்வாங்க, ரெட்ஃபீல்ட் விகிதம்னு நிறைய பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. நம்ம வளக்கற பெரிய பாசிக்கு அது செட் ஆகாது. அட்கின்சன், ஸ்மித்னு ரெண்டு பேர் 1983ல கடலடி தாவரங்கள், பெரிய பாசிகள்னு நிறைய சாம்பிள் எடுத்துப் பார்த்தப்ப வந்தது ஏறக்குறைய 550:30:1. அதாவது ஒரு பங்கு பாஸ்பரஸ் எடுக்கறதுக்கு 30 பங்கு நைட்ரஜன் தேவை. இத நம்ம டெஸ்ட் கிட் பாஷைல எடைக்கு மாத்தினா, 0.1 பிபிஎம் (லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்) பாஸ்பேட் குறையணும்னா கிட்டத்தட்ட 2 பிபிஎம் நைட்ரேட் செலவாகும். இப்ப உங்க நம்பர பாருங்க, பாஸ்பேட் 0.25 இருக்கு, அத இறக்க ஒரு 4, 5 பிபிஎம் நைட்ரேட் வேணும், கைல இருக்கறது 0. பாசி எத வச்சு அந்த பாஸ்பேட்ட எடுக்கும்?

அப்ப ஹேர் ஆல்கி மட்டும் எப்படி வளருதுன்னு கேப்பீங்க. டெஸ்ட்ல 0ன்னா நைட்ரஜன் டேங்குக்குள்ள வரவே இல்லன்னு அர்த்தம் இல்ல, வர்றது எல்லாம் உடனே தீந்து போகுதுன்னு அர்த்தம். மீன் செவுள் வழியா விடற அமோனியா முதல்ல போய் சேர்றது மேல டேங்க்ல, நல்ல லைட்டுக்கு கீழ, பாறை மேல உக்காந்திருக்கற ஹேர் ஆல்கிக்கு. அது தின்னு மிச்சம் இருந்தா தான் சம்புக்கு வரும், உங்க டேங்க்ல மிச்சமே இல்ல. பாஸ்பேட்டும் அதுக்கு பாறைல இருந்தே கசியுது, காஞ்ச பாறைல ஸ்டார்ட் பண்ண டேங்க்ல இது ரொம்ப சகஜம், மாசக்கணக்கா விட்டுக்கிட்டே இருக்கும். நல்ல எடம், நல்ல லைட்டு, சாப்பாட்டுக்கு முதல் பந்தி எல்லாம் அதுக்கு தான். உங்க சீட்டோ இருட்டுல கடைசிப் பந்தி.

இன்னொண்ணு, உங்க பாஸ்பேட் கிட்ல 0க்கு அடுத்த கலரே 0.25 தானே? அந்த மாதிரி சீப் கிட்ல 0.25ன்னா 0.1ல இருந்து 0.3 வரைக்கும் எது வேணா இருக்கலாம். நம்ம பாக்க வேண்டிய ரேஞ்சே 0.03ல இருந்து 0.1 வரைக்கும் தான், அத அந்த கிட் காட்டவே காட்டாது. முடிஞ்சா டிஜிட்டல் செக்கர் வாங்குங்க, விலை கொஞ்சம் வலிக்கும், இந்த ஹாபில வலிக்காதது எது.

சரி, என்ன பண்ணணும். எல்லாரும் நைட்ரேட்ட இறக்க போராடற எடத்துல நான் உங்கள ஏத்த சொல்றேன், கேக்க கோக்குமாக்கா இருக்கும் ஆனா வேலை செய்யும். சுலபமான வழி மீனுக்கு தீனிய கூட்டறது, ஆனா தீனில பாஸ்பேட்டும் சேந்து வரும், உங்களுக்கு அது ஏற்கனவே மிச்சம். அதனால நைட்ரேட்ட மட்டும் தனியா போடலாம். பிளான்டட் டேங்க் (செடி வளக்கற நல்ல தண்ணி டேங்க்) வைக்கறவங்க பொட்டாசியம் நைட்ரேட் வச்சிருப்பாங்க, அதே தான். 16.3 கிராம் எடுத்து 1 லிட்டர் ஆர்ஓ தண்ணில கரைச்சு வச்சுக்கோங்க, அதுல 10 மில்லி 100 லிட்டர் தண்ணிக்கு 1 பிபிஎம் நைட்ரேட் ஏத்தும். உங்க டேங்க் 150 லிட்டர்னாலும் பாறை மணல் எல்லாம் கழிச்சு, சம்ப் தண்ணிய சேத்து நிஜமா எவ்ளோ தண்ணி இருக்குன்னு கணக்கு போடுங்க, 120னு வந்தா தினம் 12 மில்லி. கடல் தண்ணில ஏற்கனவே 400 பிபிஎம் கிட்ட பொட்டாசியம் இருக்கறதால இதுல வர்றது பெரிய விஷயமே இல்ல. உரக்கடைல விக்கற மூட்டை வேணாம், அதுல கூட என்னென்ன கலந்திருக்கோ, ஹாபிக்குன்னு விக்கற சுத்தமானத வாங்குங்க.

தினம் 1 பிபிஎம்முக்கு மேல போகாதீங்க, மறுநாள் அதே நேரத்துக்கு டெஸ்ட் பண்ணுங்க. முதல் சில நாள் போட்டதெல்லாம் காணாம போகும், பயப்படாதீங்க, பசில இருந்தது எல்லாம் தின்னுது. 5 பிபிஎம் கிட்ட நின்னா டோஸ குறைச்சிடுங்க, 5ல இருந்து 10க்குள்ள வச்சுக்கிட்டா போதும். இந்த சமயத்துல ஹேர் ஆல்கியும் கொஞ்சம் துள்ளும், அத கையால பிடுங்கிக்கிட்டே இருக்கணும், வேற வழி இல்ல, பழைய டூத் பிரஷ் ஒண்ணு எடுத்துக்கிட்டு தண்ணி மாத்தறப்ப தேச்சு சைஃபன்ல உறிஞ்சிடுங்க. அதுக்கு போற சாப்பாட்ட சீட்டோ பக்கம் திருப்பறது தான் இங்க ஆட்டமே.

நைட்ரேட் 0, பாஸ்பேட் மட்டும் மேலன்னு ரொம்ப நாள் விட்டா இன்னொரு தொல்லையும் வரும், மணல் மேல செகப்பா வழவழன்னு ஜவ்வு மாதிரி படியும் பாருங்க, சயனோ. சயனோ பாக்டீரியால சில வகைக்கு தண்ணில கரைஞ்சிருக்கற நைட்ரஜன் வாயுவையே உரமா மாத்திக்கற வித்தை தெரியும், மத்ததெல்லாம் பட்டினி கிடக்கறப்ப அது மட்டும் கொழிக்கும். ரெண்டுமே 0 ஆனா டைனோன்னு பழுப்பு சளி, அது இன்னும் மோசம். அதனால 0 0ன்னு காட்டறத பெருமையா நினைக்கறவங்கள பாத்தா எனக்கு கொஞ்சம் பயமா தான் இருக்கும்.

ஸ்கிம்மர நிறுத்தணுமான்னு யோசிப்பீங்க. நான் நிறுத்த மாட்டேன். ஸ்கிம்மர் நைட்ரேட்ட நேரா எடுக்காது, அழுக்கு நைட்ரேட்டா மாறறதுக்கு முன்னாடியே வழிச்சு எடுத்துடும், ரெண்டே ரெண்டு மீன் இருக்கற டேங்க்ல அது பாசி சாப்பாட்டுல கை வைக்கறது உண்மை தான். ஆனா நம்ம ஊர் சூட்டுல தண்ணில ஆக்சிஜன் நிக்கறதே குறைவு, ராத்திரி பாசியும் சேந்து மூச்சு வாங்கும், அப்ப ஸ்கிம்மர் அடிக்கற காத்து தான் மீன காப்பாத்தும். ஓடட்டும்.

அடுத்து லைட். 5 வாட் டேபிள் லேம்ப்ல, சாப்பாடு இருந்தா கூட, சீட்டோ உயிரோட கிடக்கும், வளராது. உங்க சம்ப் சைஸுக்கு 20ல இருந்து 30 வாட் எல்இடி ஃப்ளட் லைட், 6500 கெல்வின் வெள்ளை, எலக்ட்ரிக்கல் கடைல கிடைக்கறதே போதும். ஊதாக் கலர்ல எரியுமே செடி வளக்கற லைட்டு, செகப்பு 660 நானோமீட்டர், நீலம் 450ன்னு, அதுவும் நல்லாவே வேலை செய்யும், பச்சைப் பாசில இருக்கற குளோரோபில் அந்த ரெண்டு பக்கத்த தான் நல்லா பிடிச்சுக்கும். ஆனா பக்கத்துல உக்காந்து பாக்க கண்ண பறிக்கும், பாசி வெளுத்திருக்கா பச்சையா இருக்கான்னே தெரியாது, அதனால எனக்கு வெள்ளை தான் பிடிக்கும். மேல டிஸ்ப்ளேல ரீஃபுக்குன்னு நீலமா ஒரு லைட் போடறோம்ல, அது சம்ப் பாசிக்கு வீண் செலவு.

எரிய விடறது ராத்திரில. மேல லைட் அணையறப்ப கீழ எரியற மாதிரி டைமர் போட்டு ஒரு 12, 14 மணி நேரம் விடுங்க. பகல்ல பாசியும் பவளமும் கார்பன் டைஆக்சைட எடுக்கறதால பிஹெச் ஏறும், ராத்திரி எல்லாம் மூச்சு விடறதால இறங்கும். கீழ பாசி ராத்திரி முழுக்க வேலை பாத்தா அந்த இறக்கம் குறையும், ஆக்சிஜனும் கிடைக்கும். ஏசி போட்டு ஜன்னல் கதவு எல்லாம் சாத்தி நாலு பேர் தூங்கற ரூம்ல டேங்க் இருந்தா இது ரொம்ப முக்கியம், அந்த ரூம் காத்துலயே கார்பன் டைஆக்சைட் ஏறி பிஹெச் 7.8க்கு கீழ போறது சாதாரணம்.

லைட்டுன்னதும் ஒரு விஷயம், சம்ப் கேபினட்டுக்குள்ள உப்புத்தண்ணி தெறிக்கற எடத்துல ஃப்ளட் லைட் தொங்க விடறீங்க. வொயர் ப்ளக்குக்கு போறதுக்கு முன்னாடி கீழ ஒரு தொங்கல் விட்டு கட்டுங்க, சொட்டு அங்கயே விழுந்துடும், ப்ளக்குக்குள்ள போகாது. வீட்ல ஆர்சிசிபி (கரன்ட் கசிஞ்சா தானே அணைக்கற ஸ்விட்ச்) இல்லன்னா பாசி எல்லாம் அப்புறம், முதல்ல எலக்ட்ரீஷியன கூப்பிட்டு அத போடுங்க.

தண்ணி ஓட்டம் சீட்டோ உருண்டைக்கு கீழ இருந்து வந்தா நல்லது, மெதுவா உருண்டுக்கிட்டே இருந்தா எல்லாப் பக்கமும் வெளிச்சம் படும், மேல தூசி தங்காது. உருளலன்னாலும் குடி முழுகிடாது, வாரம் ஒரு தடவை கையால புரட்டி விடுங்க. உருண்டை டபுள் ஆனா பாதிய எடுத்துடுங்க, அடில இருக்கற பழுப்பான பாதிய, மேல பச்சையா இருக்கறத இல்ல. இங்க நிறைய பேர் தலைகீழா பண்றாங்க.

இரும்பு பத்தி கேக்கல, நானே சொல்றேன். நைட்ரேட் பாஸ்பேட் ரெண்டும் இருந்தும் பாசி வெளிறியே இருந்தா இரும்புச்சத்து இல்லாம இருக்கலாம். கடல் தண்ணில இரும்பு நிக்காது, சீக்கிரம் துரு மாதிரி கட்டிப்பட்டு அடில போயிடும், அதனால கீலேட் பண்ணது (கரைஞ்சே நிக்கற மாதிரி செஞ்ச இரும்பு) வாங்கி பாட்டில்ல போட்டிருக்கற அளவுல பாதில ஆரம்பிங்க. வீட்டு டெஸ்ட் கிட் எதுவும் கடல்ல இருக்கற அளவுக்கு நுணுக்கமா இரும்ப காட்டாது, பாசி கலர பாத்து தான் போகணும். வாரம் 10 சதம் தண்ணி மாத்தறவங்களுக்கு பெரும்பாலும் இது தேவையே படாது.

தண்ணின்னதும், நீங்க கிச்சன் ஆர்ஓ தண்ணில உப்பு கலக்கறேன்னு எழுதியிருக்கீங்க. அந்த மெஷின்ல டேஸ்ட்டுக்குன்னு டிடிஎஸ் கன்ட்ரோலர் இருக்கும், ஆர்ஓ வழியா போகாத தண்ணில கொஞ்சத்த அப்படியே கலந்து விடும். குடிக்க நல்லது, டேங்குக்கு கெடுதல். அத மூடிட்டு, பின்னாடி ஒரு டிஐ ரெசின் கேனிஸ்டர் (மிச்ச உப்பையும் பிடிச்சுக்கற ஃபில்டர்) மாட்டுங்க, டிடிஎஸ் 0 வரணும். சிலிகேட்டும் போர் தண்ணி நைட்ரேட்டும் கணக்கில்லாம உள்ள வந்தா மேல சொன்ன கணக்கு எதுவும் நிக்காது.

சூடு. மே மாசத்து சென்னைல டேங்க் 31, 32ன்னு போகும். 24ல இருந்து 27 வச்சா எல்லாருக்கும் நிம்மதி, 29 வரைக்கும் சீட்டோ தாங்கும், அதுக்கு மேல போனா சோர்ந்துடும். தண்ணி மேல ஃபேன் அடிச்சா ரெண்டு மூணு டிகிரி இறங்கும்னு சொல்வாங்க, மதுரை, கோயம்புத்தூர்ல சரி, சென்னை மாதிரி கடற்கரை ஊர்ல காத்துலயே ஈரம் இருக்கறதால அவ்ளோ இறங்காது. ஃபேன் போட்டா தண்ணி ஆவியாகும், உப்பு அங்கயே நிக்கும், சாலினிட்டி ஏறும், அதனால தினமும் நல்ல தண்ணி ஊத்தி 35 பிபிடில (கிலோவுக்கு 35 கிராம் உப்பு) நிறுத்தணும், இல்ல ஆட்டோ டாப் ஆஃப் (குறைஞ்ச தண்ணிய தானே ஊத்தற செட்டப்) வைங்க.

இப்ப ராமேஸ்வரம். சுருக்கமா சொன்னா வேணாம். மன்னார் வளைகுடா தீவுகள் 21ம் 1986ல இருந்து கடல்வாழ் தேசியப் பூங்கா, அங்க கை வைக்கறது சட்டப்படி தப்பு. பவளம் 2001ல இருந்து வனவிலங்கு சட்டத்தோட முதல் அட்டவணைல இருக்கு, காஞ்ச துண்டும் அதுல சேத்தி தான், "இந்த கல்லோட ஒட்டிக்கிட்டு இருக்கு"ன்னு பாசியோட சேத்து எடுத்தா மாட்டுவீங்க. கடல்குதிரையும் அதே சட்டத்துல பாதுகாப்புல இருக்கு, பாசி டேங்க்ல கடல்குதிரை விட்டா அழகா இருக்கும்னு யாராவது ஆசை காட்டினா காதுல வாங்காதீங்க.

அந்தப் பக்கம் கடல்ல முங்கி பாசி எடுக்கற பொம்பளைங்க இருக்காங்க, கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரைன்னு பேர் சொல்லி பிரிப்பாங்க, அவங்க பொழப்பு அது. கஞ்சிப்பாசி நம்ம ஹாபில கிராசிலேரியான்னு சொல்றோமே அந்த இனம் தான். ஆனா கரைல ஒதுங்கி கிடக்கறத எடுத்துட்டு வந்து டேங்க்ல போட்டா அது ஏற்கனவே பாதி செத்தது, ரெண்டு நாள்ல அழுகி அமோனியா ஏத்தும். சென்னைக்கு பக்கத்துல கோவளம், மகாபலிபுரம் பாறைல பச்சையா முடி மாதிரி கொத்து கொத்தா இருக்குமே, அதுவும் கீட்டோமார்ஃபா தான், பேர பாத்து நம்ம சீட்டோன்னு எடுத்துட்டு வராதீங்க, அது வேற இனம். அலை மொத்தற பாறைலயே கெட்டியா பிடிச்சு வளர்றது, உங்க சம்ப்ல அந்த அலைக்கு எங்க போறது.

ஹாபி ஆளுங்க கிட்ட கேளுங்க, வாரா வாரம் அறுத்து குப்பைல போடறவங்க நிறைய பேர், கேட்டா சும்மாவே குடுப்பாங்க. கொளத்தூர்ல மரைன் வைக்கற கடைலயும் விசாரிங்க. எங்க வாங்கினாலும் நேரா டேங்க்ல போடாம ஒரு பக்கெட்ல உப்புத்தண்ணி, லைட், ஏர் ஸ்டோன் வச்சு ரெண்டு வாரம் பாருங்க. அயிப்டேசியா (கொட்டற குட்டி அனிமோன்), பச்சை குமிழ் பாசி, குட்டி நண்டு எல்லாம் அதுக்குள்ள ஒளிஞ்சு வரும். நல்ல தண்ணில முக்கி எடுத்தா பூச்சி சாகும் தான், ஆனா நமக்கு வேண்டிய கோப்பிபாடும் (மீனுக்கு தீனியாகற பொடி உயிரி) செத்துடும், அதனால பொறுமையா கண்ணால பாத்து பொறுக்கறது தான் என் கட்சி.

காலர்பா. எனக்கு பிடிச்ச பாசி, உங்களுக்கு இப்ப வேணாம்னு சொல்வேன். எத்தனை அடி நீளம் ஓடினாலும், இலை, தண்டு, வேர் மாதிரி எல்லாம் இருந்தாலும், அது மொத்தமும் ஒரே செல். உள்ள தடுப்பே கிடையாது. அதனால தான் இனப்பெருக்கம் பண்ற நேரம் வந்தா ஒரு பகுதி மட்டும் விதை விடாது, உள்ள இருக்கறது மொத்தமும் இனச்செல்லா மாறி விடியற நேரத்துல தண்ணில கொட்டிடும், நீங்க காலைல எழுந்து பாத்தா பாசி இருந்த எடத்துல கண்ணாடிக் காகிதம் மாதிரி வெள்ளை தோல், தண்ணி பச்சைப் பாலா இருக்கும். அது தின்னது பூரா ஒரே ராத்திரில திரும்பி வந்துடும், ஆக்சிஜன் விழும், ஸ்கிம்மர் பொங்கும். 24 மணி நேரமும் லைட் எரிய விட்டா அப்படி போகாதுன்னு சொல்வாங்க, குறையும், ஆனா அத நம்பி தூங்க முடியாது. அடிக்கடி அறுத்து இளசாவே வச்சிருக்கறது தான் கைகண்ட வழி. அறுக்கறப்ப கண்டபடி கிழிக்காம ஓடுதண்ட முழுசா பிடிச்சு உருவி எடுங்க, ஒரே செல்லுங்கறதால வெட்டின எடத்துல எல்லாம் உள்ள இருக்கறது ஒழுகும். சீட்டோவுக்கு இந்த வம்பு எதுவும் பெரும்பாலும் கிடையாது, நூல் நூலா தனித்தனி செல் வரிசை, எங்கயும் ஒட்டாது, அதனால தான் புதுசா வர்றவங்களுக்கு எல்லாரும் அதையே சொல்றோம்.

காலர்பா டாக்ஸிஃபோலியா கதைய மட்டும் சொல்லிடறேன். அக்வேரியத்துல வளந்த குளிர் தாங்கற வகை ஒண்ணு 1984ல மொனாக்கோ கடலடில, அங்க இருக்கற கடலியல் மியூசியத்துக்கு கீழயே, சின்ன திட்டா இருந்தத பாத்தாங்க. பெருசா யாரும் எடுத்துக்கல, பின்னாடி மத்தியதரைக்கடல்ல ஆயிரக்கணக்கான ஹெக்டேர் பரவிடுச்சு. அதே வகை 2000ல கலிஃபோர்னியால கார்ல்ஸ்பேட்கிட்ட ஒரு காயல்ல தெரிஞ்சப்ப அவங்க காத்திருக்கல, மேல தார்பாய் போட்டு மூடி உள்ள குளோரின் விட்டு கொன்னாங்க, ஒழிஞ்சதுன்னு அறிவிக்க 2006 ஆச்சு, பல மில்லியன் டாலர் செலவு. நம்ம பக்கத்துலயே கப்பாஃபைகஸ், மண்டபம் பக்கம் பெப்சி பாசின்னு சொல்வாங்க, வெளிநாட்டுல இருந்து வளக்கறதுக்குன்னு கொண்டு வந்தது, 2008ல குருசடை தீவு பவளத்து மேலயே ஏறி மூடினது பதிவாச்சு. அதனால அறுத்த பாசிய வாஷ்பேசின்லயோ வாய்க்கால்லயோ விடாதீங்க. வெயில்ல மொறுமொறுன்னு காய வச்சு குப்பைல போடுங்க, இல்ல நல்ல தண்ணில ரெண்டு வாட்டி அலசி உப்பு போன பிறகு செடிக்கு உரமா போடுங்க.

சீட்டோ பிடிச்சு நின்னதும் மேல டிஸ்ப்ளேல பாக்க அழகா ஏதாவது வேணும்னா கிராசிலேரியா செகப்பு வகைல ஆரம்பிங்க. செகப்புப் பாசிங்க பொதுவா மெதுவா வளரும், லைட்டும் கம்மியா போதும், பச்சைப் பாசி அதிகம் எடுக்காத பச்சை ஒளியக் கூட பிடிச்சுக்கற நிறமி அதுல இருக்கு. ஹலிமீடா வேணும்னா அது உடம்புல சுண்ணாம்பு கட்டற பாசி, கால்சியம் 400க்கு மேல, ஆல்கலினிட்டி (பிஹெச் விழாம தாங்கற சக்தி) 8, 9 டிகேஹெச்ல நிலையா இருக்கணும், ராத்திரி வெள்ளையா ஒரு புது வில்லை விட்டு காலைல அது பச்சையாகறத பாக்கறதுக்கே வைக்கலாம். உல்வா (பச்சை இலை மாதிரி பாசி) எங்க போட்டாலும் வளரும், ஓரம் வெளுக்க ஆரம்பிச்சா உடனே எடுத்துடுங்க, வித்து விடுது, அப்புறம் கண்ணாடி பூரா அது தான்.

கடைசியா டேங் மீன். 150 லிட்டர்ல வேணவே வேணாம், நீந்த எடம் பத்தாது, ஒரா மீனும் அதே கதை, கூடவே அதோட முள்ளு குத்தினா ராத்திரி முழுக்க கடுக்கும். ரெண்டுமே ஹேர் ஆல்கிய திங்கறதுக்கு முன்னாடி நீங்க ஆசையா வச்ச கிராசிலேரியாவ தான் முதல்ல முடிக்கும். உங்க டேங்குக்கு ட்ரோகஸ் நத்தை ஒரு நாலஞ்சு போதும், பாறையும் கண்ணாடியும் மேயும், கவிழ்ந்து விழுந்தாலும் தானே திரும்பி எழுந்துக்கும், பெரிய பாசிய பெருசா கண்டுக்காது. அதையும் இப்பவே விடாதீங்க, நைட்ரேட் ஒரு வாரம் 5ல நிக்கட்டும், லைட்ட மாத்துங்க, புது சீட்டோ ஒரு கைப்பிடி போட்டு மூணு வாரம் கழிச்சு கலரையும் டெஸ்ட் நம்பரையும் எழுதுங்க, அத பாத்துட்டு டோஸ் எவ்ளோ குறைக்கறதுன்னு சொல்றேன்.